வியாழக்கிழமைக் கோழி

மரகதம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எலும்பு அகப்பட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். டெக்ஸாஸின் பிளானோ ஊரில் ஜூன் மாத வெயிலுக்குச் சாயங்காலம், மத்தியானம் என்ற பேதமெல்லாம் கிடையாது. லெகசி ரோட்டுப் பக்கம் ஆபீஸ் விட்டுக் காலியாகக் கிடந்த ஒரு பார்க்கிங் லாட்டில் கணவர் வேலுமணி அவளுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கிளம்புமுன் சீட்டை முன்னால் தள்ளலாம் என்று அடியில் கையை விட்டவளுக்கு, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. இழுத்துப் பார்த்தால் கசங்கிய ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே, சதை ஒரு துளி மிச்சமில்லாமல் கடித்துத் துடைத்த இரண்டு கோழிக்கால் எலும்பும், பிரிக்காத ஒரு சாஸ் பாக்கெட்டும்.

"ஐயய்யோ, என்னங்க இது?" என்று அவள் போட்ட சத்தத்தில், தூரத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று திரும்பிப் பார்த்தார்.

வேலுமணிக்கு நாற்பத்தெட்டு வயசு. ஒரு பெரிய கம்பெனியின் டேட்டாபேஸ் முழுவதையும் கட்டி மேய்க்கிறவர். அந்த மனுஷர் பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த முழியைப் பார்த்ததுமே மரகதத்துக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பதினாறு வருஷம் பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி டீச்சர். அவள் பார்க்காத முழியா?

மீதிப் பாதியை அவரே சொன்னார்.

"வியாழக்கெழமை வியாழக்கெழமை... பாப்பாவ ஸ்விம்மிங்ல இருந்து பிக்கப் பண்ணிட்டு வர்றப்ப... சும்மா ரெண்டு பீஸு. கார்லயே வச்சுத் தின்னுபோட்டு வந்துருவோம்."

"எத்தனை நாளா?"

"நீ வந்ததுலருந்துதான்."

அதாவது எட்டு மாதமாக! எட்டு மாதமாக அப்பனும் மகளும் வாரம் தவறாமல் ஏதோ ஒரு கடைவாசலில் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு கோழி தின்றுவிட்டு, மிட்டாய் போட்டு வாயை மணக்கவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அவள் வைத்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பையும் சாப்பிட்டிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். கோழியைக் காரில் மறைக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறாள்.

"வீட்ல கோழி சமைக்கக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. கல்யாணம் பேசறப்ப வீடியோ கால்ல, நான் சைவம்னு சொன்னீல்ல?"

"நான் சைவம்னு சொன்னேன். நீங்க சைவம்னு சொன்னேனா?"

அவர் செய்த காரியம் இது: இவளுக்கு விசா வருவதற்குள் ஃப்ரீசரைக் காலி செய்தார். கறி சமைக்கிற பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி கராஜ் பரணில் ஏற்றினார். மகளைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி சைவம், இனிமே வீட்ல கவிச்சி இல்லை" என்று ஒரே வரியில் சட்டம் போட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி சாமியைக் கேட்கவே இல்லை.

மரகதம் பெட்டியை மூடினாள். கோபத்துக்கு அடியில் இன்னொன்று அவளை அரித்தது.

"அதுக்காகத்தான் ரோஷினி ஐசலின் போறாளா?"

ரோஷினி வேலுமணியின் மகள். பதின்மூன்று வயசு. அவளுடைய அம்மா பவளம் இறந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. பவளத்தின் தங்கை மாளவிகா நியூ ஜெர்ஸியில், ஐசலினில் இருக்கிறாள். 'ரோஷினி இங்கேயே வரட்டும், எட்டாம் கிளாஸ் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்' என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் ஃப்ளைட். போக மட்டும்தான் டிக்கெட். அங்கே தங்குவதா, திரும்பி வருவதா என்பதை அவளே முடிவு பண்ணட்டும் என்று வேலுமணி விட்டுவிட்டார்.

"அப்படியெல்லாம் அவ சொல்லல," என்றார். "போன வாரம் கார்ல தின்னுட்டிருந்தப்ப, 'சித்தி வீட்ல டேபிள்ல உக்காந்து சாப்பிடலாம்'ன்னா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! தாயில்லாத ஒரு பிள்ளை, தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து பிடித்ததைச் சாப்பிட முடியாமல் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் போகிறது. காரணம் யார் என்று கேட்டால், 'மரகதம் ஆன்ட்டி.'

இந்த எட்டு மாதத்தில் ரோஷினி அவளிடம் பேசியதெல்லாம் 'ஓகே', 'தேங்க்ஸ்', 'நோ, தேங்க்ஸ்' என்ற மூன்று வகைதான். ஒரே ஒரு நாள், மார்ச் மாதத்தில், சயன்ஸ் ஹோம்வொர்க்கோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒரு சமன்பாடு சரியாக வரவில்லை. மரகதம் கொத்தமல்லித் தழையையும் தக்காளியையும் மூலக்கூறுகளாக அடுக்கிக் காட்டினாள். பத்து நிமிஷம். போகும்போது அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் மரகதம் மூன்று மாதத்தை ஓட்டியிருந்தாள். ரோஷினி போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"பவளம் வீட்ல என்ன கோழி செய்வாங்க?" என்று கேட்டாள்.

வேலுமணி கொஞ்சம் யோசித்தார். "வியாழக்கெழமை ஆனா ஒரு தேன் கோழி செய்வா. வெள்ளிக்கெழமை கவிச்சி ஆகாது, சனிக்கெழமை பெருமாள், ஞாயித்துக்கெழமை யாராச்சும் விருந்தாளி வந்துருவாங்க. அதனால வியாழன். சோயா சாஸு, தேனு, பூண்டு... இனிப்பாவும் இருக்கும், உப்பாவும் இருக்கும். பளபளன்னு இருக்கும்."

பன்னிரண்டு வருஷம் தின்ற மனுஷருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அஞ்சனாவோடு கடைக்குப் போனாள். அந்தக் கடையில் இறைச்சிப் பகுதி வந்தால் வண்டியைத் திருப்பிப் பால் பகுதிக்குப் போவதுதான் இதுவரை மரகதத்தின் வழக்கம். இன்று முதல்தடவையாக நேராகத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள். நெஞ்சு, தொடை, கால், இறக்கை என்று வரிசை வரிசையாகக் குளிர்ந்து கிடந்தன. எலும்பும் தோலும் இல்லாத தொடைக்கறி ஒரு பெரிய பாக்கெட் எடுத்தாள். இருக்கிறதற்குள் அதுதான் ஓர் உயிர் மாதிரித் தெரியவில்லை.

அஞ்சனா மதுரைக்காரி, எல்லாம் தின்கிறவள். சைவக்காரி கறி வாங்குவதைப் பார்த்து அவளுக்கே தாங்கவில்லை. "ஒரு இண்டக்ஷன் ஸ்டவ் தர்றேன் மரகதம், கராஜ்ல வச்சு குக் பண்ணுங்க. இங்க எல்லாரும் மீன், கோழின்னா கராஜ்லதான். வீட்டுக்குள்ள ஸ்மெல் போகவே போகாது."

"வேண்டாம் அஞ்சனா. இத்தனை நாள் அந்தப் பிள்ள கார்ல வச்சு சாப்பிட்டிருக்கு. இனி கார் நிக்குத எடத்துல வச்சு சமைச்சுக் குடுக்கவா? என் அடுப்படியிலயே வைக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் பாக்கெட்டைப் பிரித்ததும் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டாள். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. மாமிசத்தைத் தொட்டதில்லை, தொட வேண்டும் என்று நினைத்ததுமில்லை. ரப்பர் கையுறை மாட்டினாள். ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலிருந்த காற்றாடியை முழு வேகத்தில் வைத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் மனசைத் தேற்றிக்கொண்டாள்: இது சமையல் இல்லை, பிராக்டிகல் கிளாஸ். லேபில் எத்தனை அமிலத்தை, எத்தனை நாற்றத்தை முகம் சுளிக்காமல் கையாண்டிருக்கிறாள்! செய்முறையைப் படி, அளவைப் பார், ஊற்று, சூடேற்று, குறித்துக்கொள். லேபின் முதல் விதி ஒன்று உண்டே, எதையும் நாக்கில் வைக்காதே என்று. நல்லதாய்ப் போயிற்று.

கராஜ் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பவளத்தின் கனமான இரும்புச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். பாதிக் கறியை எடுத்துக்கொண்டு மீதியை ப்ரிஜ்ஜில் வைத்தாள். மஞ்சள் போட்டு அலசினாள். சட்டி காய்ந்ததும் எண்ணெய், கறி, பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி. அப்புறம் அரைக் கப் சோயா சாஸ், கால் கப் தேன். எல்லாம் நெட்டில் எடுத்த ரெசிபியில் போட்டிருந்தபடியே. 'இருபதே நிமிஷம், பிள்ளைகள் தட்டை நக்குவார்கள்' என்று அதில் சத்தியம் வேறு பண்ணியிருந்தார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ரெசிபியை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள். உப்பையே காணோம். 'எழுதினவன் மறந்துட்டான் போல' என்று முணுமுணுத்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. நாற்பது வயசில் உப்புப் போடாமல் ஒரு பண்டத்தை அவள் அடுப்பிலிருந்து இறக்கியதில்லை. மற்ற நாளாக இருந்தால் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்திருப்பாள். இன்றைக்கு உள்ளங்கை கையுறைக்குள் இருந்தது. கல்லுப்பை எடுத்தாள், சாம்பாருக்குப் போடுகிற அளவில் ஒன்றரை ஸ்பூன் போட்டாள்.

தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தாள். நூற்று அறுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட், ரெசிபியில் சொன்னபடி. சாஸ் சுண்டி, கறியெல்லாம் பளபளவென்று மின்னியது. வேலுமணி சொன்ன பளபளப்பு இதுதான் என்று அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அன்றைக்கு வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது என்று வேலுமணிக்கு உத்தரவு. ஆறரை மணிக்கு அப்பாவும் மகளும் உள்ளே நுழைந்தார்கள். ஈரத் தலையோடு, பசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த ரோஷினி, கதவருகே செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா... வாட் இஸ் தட் ஸ்மெல்?"

"ஆன்ட்டி செஞ்சிருக்காங்க கண்ணு. வா, உக்காரு."

மேஜையில் மூன்று தட்டு இருந்தது. சோறு, ஒரு கிண்ணத்தில் மரகதத்துக்குப் பருப்பு, நடுவில் இரும்புச் சட்டி. ரோஷினி கோழியைவிட அந்தச் சட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து, அவசரமாக வாயில் போட்டாள்.

மெல்லுகிற வாய் நின்றது. எப்படியோ விழுங்கினாள். தண்ணீரை எடுத்துக் குடித்தாள். கண்ணில் நீர் கட்டியது.

"ஐ ஆம் நாட் ஹங்ரி," என்றாள். எழுந்தாள், மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தப்புப் பண்ணிவிட்டோம் என்று மரகதம் நினைத்தாள். செத்துப்போன அம்மாவின் சட்டியை எடுத்து, அவள் செய்ததையே செய்து, பிள்ளையின் முன்னால் வைத்திருக்கிறோம். உனக்கு யார் இந்த உரிமையைக் கொடுத்தது என்று கேட்காமல் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சனிக்கிழமை ஃப்ளைட் இப்போதே கிளம்பிவிட்டது போலிருந்தது.

"அந்தச் சட்டிய எடுத்திருக்கக் கூடாதோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. கோழி பிரமாதமா இருக்குது," என்றார் வேலுமணி. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

இன்னொரு துண்டு எடுத்தார். தண்ணீர் குடித்தார். நிறையச் சோறு பிசைந்தார். ஜக்கை எடுத்து மறுபடி ஊற்றினார்.

மரகதம் தண்ணீரை எண்ணினாள். நாலு டம்ளர்.

"உப்பு கூடவா?"

"லைட்டா."

விருட்டென்று எழுந்து சோயா சாஸ் பாட்டிலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். சாஸிலேயே உப்பு: ஒரு பெரிய ஸ்பூனுக்கு சோடியம் தொள்ளாயிரம் மில்லிகிராம். அரைக் கப்புக்கு எட்டு ஸ்பூன். அதுக்கு மேல் ஒன்றரை ஸ்பூன் கல்லுப்பு! சோடியம் குளோரைடு பாடத்தைப் பதினாறு வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவள், பாட்டிலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"லைட்டாவா? இது கறி இல்லீங்க, கருவாடு! வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"நீ ஆசையா செஞ்சிருந்த... எப்படிம்மா சொல்றது?"

"இப்படித்தான் எட்டு மாசமா ஒண்ணும் சொல்லாம வீட்ட நடத்திட்டு இருக்கீங்க!"

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். ரோஷினி உள்ளே இருக்கும்போது அந்தக் கதவை இதுவரை அவள் தட்டியதே இல்லை. தட்டினாள்.

"ரோஷினி, உப்பு அள்ளிப் போட்டுட்டேன், இல்லியா? நீயாவது நெசத்தச் சொல்லு. ஒங்க அப்பா சொல்ல மாட்டாங்க."

பிறகு கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. பின்னால் தரையில் ஒரு பெட்டி, பாதி நிரம்பி, வாயைப் பிளந்து கிடந்தது.

"கடல் தண்ணி மாதிரி இருக்கு," என்று இங்கிலீஷில் சொன்னாள். "டிட் யூ நாட் டேஸ்ட் இட்?"

"எப்படிப் பாப்பேன்? நான்தான் சாப்பிட மாட்டேன்லா."

ரோஷினி அவளைப் பார்த்தாள். கையுறை போட்டு வேர்த்துச் சுருங்கிப்போன விரல்களையும், சேலையில் ஒட்டியிருந்த மஞ்சளையும் பார்த்தாள்.

"நீங்க சாப்பிடாத ஒரு ஐட்டத்த... டேஸ்ட்கூடப் பண்ணாம..." ரோஷினிக்குத் தமிழ் தடுக்கியது. "வொய்?"

மரகதத்துக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "நீ போகக் கூடாதுன்னுதான். நீ போனா எனக்கு இந்த வீடு நல்லாவே இருக்காது. ஒன் வீட்டு டேபிள்ல உக்காந்து நீ சாப்பிடணும். கோழிய நான் வேண்டாம்னு ஒருநாளும் சொல்லல பிள்ள. யாரும் என்னைக் கேக்கவே இல்ல."

"யூ டிட்ன்ட் சே நோ?"

"இல்லவே இல்ல."

"பட் அப்பா..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாடிப்படி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்கள். வேலுமணி ஐந்தாவது டம்ளரோடு படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று ஒரு குரல்.

"கேளு, நல்லாக் கேளு," என்று இன்னொரு குரல்.

அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அவரைத் திட்டியதுதான். ஒருத்தி இங்கிலீஷில், ஒருத்தி திருநெல்வேலித் தமிழில். மனுஷர் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை.

திட்டி முடித்ததும் ரோஷினி படியில் உட்கார்ந்தாள். "அம்மாவோட ஃப்ரையிங் பேன் பாத்தேன். சோ ஐ தாட், அதே டேஸ்ட் வரும்னு..." மரகதம் இரண்டு படி கீழே உட்கார்ந்து காத்திருந்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டு அந்தப் பெண் கேட்டாள், "இன்னும் சிக்கன் இருக்கா?"

"பாதி பாக்கெட் இருக்கு."

"எனக்கு குக் பண்ணத் தெரியாது. பட் டேஸ்ட் தெரியும்."

"எனக்கு சமைக்கத் தெரியும். ருசிதான் பாக்க முடியாது. வா, ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு!"

ஏழரை மணிக்கும் டெக்ஸாஸ் வெளிச்சம் அடுப்படி முழுக்க விழுந்துகொண்டிருந்தது. உப்புக் கோழியைக் குப்பையில் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவித் துடைத்து ஏற்றினாள் மரகதம். மறுபடியும் கையுறையை மாட்டப் போனவளை ரோஷினி நிறுத்தினாள்.

"வெயிட். சாஸ்ல சிக்கன் இல்லைல்ல?"

"இல்ல."

"அப்ப சாஸ ஃபர்ஸ்ட் தனியா பண்ணலாம். அத நீங்க டேஸ்ட் பண்ணலாம். சிக்கன் லாஸ்ட்ல போடலாம்."

மரகதம் கரண்டியோடு அவளைப் பார்த்தாள். பதினாறு வருஷ டீச்சருக்குத் தோன்றாதது. "ஏட்டி, நீ கெட்டிக்காரிதான்!" என்று வாய் தவறி வந்துவிட்டது. ஊரில் சொந்தப் பிள்ளைகளைத்தான் ஏட்டி என்பார்கள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரோஷினி கவனித்ததாகத் தெரியவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

சின்ன வாணலியில் பூண்டு வதங்கியது. சோயா சாஸ் இந்தத் தடவை மூன்றே ஸ்பூன், பாக்கித் தண்ணீர். தேன். உப்பு டப்பா அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. நுரைத்து வந்ததும் மரகதம் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். முதலில் இனிப்பு வந்தது. அதன் பின்னாலேயே உப்பு, அதற்குப் பின்னால் பூண்டின் காரம். பவளம் என்ற பெண்ணை அவள் சுவரிலிருந்த போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அந்த மனுஷி வாரா வாரம் இப்படி ஒன்றைச் செய்து இந்த இரண்டு பேருக்கும் போட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது, பவளத்தின் மேல் ஒரு பிரியம் வந்தது.

"திகட்டுது. புளிப்பு கொஞ்சம் வேணும்," என்று அரை எலுமிச்சையைப் பிழிந்தாள். ரோஷினி ருசி பார்த்தாள். தலையை ஆட்டினாள், ஆனால் முழுசாக இல்லை.

"சம்திங் இஸ் மிஸ்ஸிங். காரமா... ரெட் சில்லி இருக்கும், பெருசா. அப்பறம் க்ரஞ்சியா வொயிட் கலர்ல..." கண்ணை இறுக்க மூடி யோசித்தாள். "தேங்காய்! குட்டிக் குட்டி தேங்காய்!"

"அட ஆமா!" என்றார் மேஜையிலிருந்த வேலுமணி. "தேங்காச் சில்லு! எங்க ஊர்ப்பக்கம் கோழின்னாலே போடுவாங்க."

"இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும்!" என்றாள் மரகதம். ஃப்ரீசரில் அவியலுக்கென்று வாங்கி வைத்திருந்த தேங்காய் இருந்தது. அவரே எழுந்து வந்து, வாயை மூடிக்கொண்டு, பல்லுப் பல்லாக நறுக்கிக் கொடுத்தார்.

காய்ந்த மிளகாயை விதை தட்டிக் கிள்ளிப் போட்டார்கள். கோழியைச் சிவக்க வதக்கி, தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தாள் மரகதம். சாஸில் பாதியை அதன்மேல் ஊற்றினாள். மீதிப் பாதி வாணலியில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று அவள் யோசிப்பதற்குள், ரோஷினி ப்ரிஜ்ஜிலிருந்து காலிஃப்ளவரை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்களுக்கு. சேம் சாஸ்."

மரகதம் காலிஃப்ளவரை நறுக்கி அந்தச் சாஸில் போட்டு வதக்கினாள்.

மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். ரோஷினி ஒரு துண்டைக் கடித்தாள், மென்றாள். மரகதம் தன் தட்டைத் தொடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சட்டியை அருகே இழுத்து நாலு துண்டு அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

சும்மா இருக்கத் தெரியாத வேலுமணி கேட்டார், "அம்மா செஞ்ச மாதிரியே இருக்குதா கண்ணு?"

மரகதத்துக்கு அவரை மேஜைக்கடியில் மிதிக்க வேண்டும் போலிருந்தது. ரோஷினி நிதானமாக யோசித்தாள்.

"இல்ல. லெமன் டேஸ்ட் வருது. அம்மா லெமன் போட மாட்டாங்க."

ரோஷினி இன்னொரு துண்டை எடுத்தாள்.

"பட், லெமன் இருக்கட்டும்," என்றாள்.

வேலுமணியின் போன் மேஜைமேல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி மகளிடம் சொன்னார். "மாளவிகா சித்தி மெசேஜ் பண்ணியிருக்கா. சனிக்கெழமை ஏர்போர்ட்டுக்கு வந்துருவாளாம். அங்க ஸ்கூல் அட்மிஷனுக்கு அப்ளை பண்ணட்டுமா, இல்ல நீ திரும்பி வர்றியான்னு கேக்கறா."

மரகதம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்த சோற்றையே திரும்பவும் பிசைந்தாள்.

"ரிட்டர்ன் டிக்கெட் போடுங்க," என்றாள் ரோஷினி, வாய் நிறையக் கோழியோடு. "நெக்ஸ்ட் வீக் இல்ல, அதுக்கு அடுத்த வீக். வெட்னஸ்டே."

"அதென்ன கணக்கு சாமி, புதன்கெழமை? வீக்கெண்டுல வந்தா நான் லீவு போடாம ஏர்போர்ட்டுக்கு வருவேனே?"

ரோஷினி அப்பாவை, இதுகூடப் புரியாதா என்பதுபோல் பார்த்தாள். பிறகு திரும்பி மரகதத்திடம், தமிழிலேயே சொன்னாள்.

"வியாழக்கிழமை சிக்கன் இருக்குல்ல, ஆன்ட்டி?"

ஆன்ட்டிதான். அதிலொன்றும் குறையில்லை. "இருக்கு," என்றாள் மரகதம். வாணலியில் மிச்சமிருந்த சாஸைத் தன் காலிஃப்ளவர்மேல் வழித்து ஊற்றிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டாள். உப்பு சரியாக இருந்தது.